ஏடு ஒன்று, எழுதுங் கைகள் பல

ஒரே பதிவேட்டில் இருவர் ஒரு வேளையில் எழுதப் புகுவதால் விளையும் முரண்பாடு, கணினியோடு பிறந்த புதுமையன்று. யாழ்ப்பாணத்தவர் காணிப் பதிவுக் கந்தோர் வாயிலாக அதனை நெடுங்காலமாக அறிவர். ஒருவர் தம் காணியொன்றை இருவர்க்கு எழுதிக் கொடுத்துவிடின் எவருடைய உறுதி நிலைக்கும்? 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இதற்கு விடை பகர்கின்றது. முன்னெழுதிய உறுதி பதியப்படாது கிடக்க, பின்னெழுதிய உறுதியைப் பெறுமதியான கைம்மாறு கொடுத்துப் பெற்றவர் முந்திப் பதிந்துகொள்வாராயின், கபடமும் கூட்டுச் சூழ்ச்சியும் இல்லாதவிடத்து, அவருடைய உறுதியே மேம்படும். எழுதிய நாளன்று, பதிந்த முறையே அங்கு கணிக்கப்படுவது.

தொலைவிலுள்ள தரவுத்தளத்திற் பதிவொன்றைத் திருத்திச் சேமிக்க முயல்வோர்க்குத் திரையில் தோன்றும் "இப்பதிவு வேறொருவரால் மாற்றப்பட்டுள்ளது" என்னும் அறிவித்தலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அன்பர் பலர் அதனைக் கணினியின் குறும்பெனக் கருதி வெகுள்வர். வேறு சிலர் நிரல் எழுதுவோரை அழைத்து, அவ்வறிவித்தல் இனித் தோன்றாதவாறு செய்துவிடும்படி பணிப்பர். இது நாய் குரைக்கின்றதென்று அதன் வாயைக் கட்டிவிடுதலை ஒக்கும். குரைத்தது எதற்காக என்று வெளியே சென்று பார்த்தலன்றோ முறை?

காவல் இல்லாவிடின் நிகழ்வது யாதென ஓர் உதாரணத்தாற் காண்போம். பழைய மாணவர் சங்கமொன்று தன் அங்கத்தவர் ஏட்டைத் தொலைவிலுள்ள கணினியொன்றில் வைத்திருக்கின்றதெனக் கொள்க. கொழும்புக் கிளைச் செயலாளர் ஓர் அங்கத்தவரின் விலாசத்தைத் திருத்த அவர் பதிவைத் திறக்கின்றார். அதே வேளையில் ரொறன்ரோக் கிளைப் பொருளாளரும் அப்பதிவையே திறந்து, அவ்வங்கத்தவர் புலமைப்பரிசில் நிதிக்குக் கொடுத்த தொகையை எழுதிச் சேமிக்கின்றார். சிறிது நேரங் கழித்துச் செயலாளர் புதிய விலாசத்தைச் சேமிக்கின்றார். நிரல்கள் பலவும் திருத்திய கட்டத்தை மாத்திரமன்றிப் பதிவு முழுவதையுமே திருப்பியெழுதும் இயல்பின. ஆகவே, செயலாளரின் திரையில் வெறுமையாய் இருந்த பழைய நிதிக் கட்டமும் உடன் சென்று, பொருளாளர் எழுதிய தொகையை அழித்துவிடுகின்றது. பணங் கொடுத்தவர் கையிற் பற்றுச்சீட்டு உண்டு. ஏட்டிலோ தொகை இல்லை. ஐயம் யார்மேல் விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! இருவருள் எவரும் யாதொரு பிழையுஞ் செய்திலர். அறிவித்தலும் எதுவும் தோன்றவில்லை. உண்மையான ஆபத்து அதுவே.

இதனைத் தடுக்க வழிகள் இரண்டுண்டு. பூட்டு முறையில், ஒருவர் பதிவைத் திறந்ததும் மற்றவர்க்கு அது பூட்டப்படும். ஒரே கட்டடத்துள் இது ஓரளவு பொருந்தும். தொலைவிலிருந்து எழுதுவோர்க்கோ, மின்சாரம் நின்றாலும் இணைப்பு அறுந்தாலும் பூட்டு விடுபடாது தங்கிவிடலாமாதலின், இது தொல்லையாகும். மற்றையது நன்னம்பிக்கை முறை. 1981 இல் குங், றொபின்சன் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட கட்டுரையால் இம்முறை பெரிதும் அறியப்பட்டது. மோதல் அரிதென்று நம்பி யாரையும் தடுக்காது விட்டு, சேமிக்குந் தறுவாயில் மட்டும் சோதித்துக்கொள்ளல் இதன் சாரம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் கொடுக்கப்படும். "இவ்வங்கத்தவரின் பதிப்பு எண் இன்னும் 7 ஆக இருப்பின் இதனை எழுதி, எண்ணை 8 ஆக்குக" என்று நிரல் ஏவும். இடையில் வேறொருவர் எழுதியிருப்பின் எண் பொருந்தாது. மாற்றப்பட்ட வரிகள் பூச்சியம் என்று மறுமொழி வரும். கடிகார நேரத்தைப் பதிப்பு எண்ணாக வழங்குவாரும் உளர். ஒரே விநாடியில் இருவர் எழுதின் அது பயன்படாதாதலின் தொடரெண்ணே சிறந்தது என்பது எம் கருத்து.

யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் 2003 இல் முன்னின்று வளர்க்கத் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இதன் தொழிற்பாட்டை யாவரும் கண்கூடாகக் காணலாம். கட்டுரையொன்றை ஒருவர் திருத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் முந்திச் சேமித்துவிடின், அந்நிரல் தொடக்கப் பதிப்பையும் இருவர் பதிப்புகளையும் ஒப்புநோக்கும். அவர்கள் வெவ்வேறு பகுதிகளைத் தொட்டிருப்பின் தானே இணைத்துவிடும். ஒரே வரியைத் தொட்டிருப்பின் இரண்டையும் காட்டி, முடிவைப் பிந்தியவரிடம் ஒப்படைக்கும். அன்றியும், பழைய பதிப்புகள் யாவும் வரலாற்றில் இருத்தலால் இழந்ததை மீட்கலாம். கந்தோர் ஏடுகள் பலவற்றிற்கு இவ்வசதி இல்லை.

இனி, அறிவித்தல் தோன்றியபின் செய்யவேண்டியது யாது? மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துதல் அன்று. பதிவின் எண்ணைக்கொண்டு அதனைப் புதிதாக வாசித்தல் வேண்டும். பதிவே இல்லையெனின் எவரோ அதனை நீக்கிவிட்டனர். பூச்சியம் என்னும் மறுமொழி அதற்கும் வரும். உள்ளடக்கம் மாறியிருப்பின் எந்தக் கட்டம் மாறியதென நோக்குக. வேறு கட்டமாயின் இணைக்கலாம், அதே கட்டமாயின் மனிதரே தீர்க்கவேண்டும். ஏட்டிலிருப்பது நாம் எழுத முயன்றதாகவே இருப்பின், அந்த "வேறொருவர்" நாமே! இணைப்பு மந்தமாயிருந்த வேளையில் முதலிற் சேமித்தது சென்று சேர்ந்து, மறுமொழி மட்டும் வழியில் தவறியிருக்கும். நாம் மறுமுறை அழுத்தியபோது பழைய எண்ணோடு சென்று முட்டிக்கொண்டோம்.

எதுவுமே மாறியிருக்கவில்லையெனின் வந்தது போலி முரண்பாடு. பதிப்பு எண் இல்லாத ஏடுகளிற் பழைய பெறுமானங்கள் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டே நிரல்கள் சோதிப்பதால் இது விளையும். மைக்ரோசொவ்ற் அக்செஸ் கொண்டு எஸ்.கியூ.எல். சேர்வரில் எழுதுவோர் இதனை நன்கறிவர். ஆம், இல்லை என்பதற்கான கட்டம் நிரப்பப்படாது வெறுமையாய் இருப்பின், அக்செஸ் அதனை "இல்லை" எனக் கொள்ளும், ஒப்பீடு தவறும். அக்கட்டத்திற்கு இயல்பான பெறுமானமாகப் பூச்சியத்தை வகுத்து, பழைய வெறுமைகளையும் நிரப்பி, பதிப்புக் கட்டமொன்றைச் சேர்த்து அட்டவணையை மீள இணைப்பின் தொல்லை நீங்கும்.

தமிழர்க்கே உரிய போலியும் ஒன்றுண்டு. கொக்குவில், கோண்டாவில், கோப்பாய், தொண்டைமானாறு என்னும் ஊர்ப்பெயர்களின் முதலெழுத்துகளை நோக்குக. கொம்பும் அரவும் சேர்ந்த அவ்வுயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு வேறு, அரவு வேறாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஏட்டில் ஒருவகையிற் கிடப்பதை இடையிலுள்ள நிரல் மறுவகையாக்கித் திருப்பியனுப்பின், குறிகளை உள்ளபடி ஒப்பிடும் தரவுத்தளம் அவை வேறென்றே சொல்லும். மானிப்பாயாரின் பதிவு இடரின்றிச் சேமிக்கப்பட, கோப்பாயாரின் பதிவு மட்டும் மறுக்கப்படுமாயின் இதனையே முதலில் ஐயுறுக. உள்ளே வரும் எழுத்துகளையெல்லாம் வாசலிலேயே ஒருவகையாக்கிவிடுதலும், பழைய பதிவுகளை ஒருமுறை அவ்வாறே திருத்திவிடுதலும் இதற்குப் பரிகாரம்.

சங்க ஏட்டைப் பொறுப்பேற்போர் முதல்நாளிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஒரே பதிவை இரண்டு சாளரங்களில் திறந்து, ஒன்றில் விலாசத்தையும் மற்றொன்றில் தொலைபேசி இலக்கத்தையும் மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாகச் சேமித்துப் பார்க்க. இரண்டாவது மறுக்கப்படினும் நன்று, இரு மாற்றங்களும் நிலைத்திருப்பினும் நன்று. முதலாவது ஓசையின்றி மறைந்துவிடின், அந்நிரலை எழுதியவரை அன்றே அழைத்தல் வேண்டும்.