ஒரே எஃப்.ஐ.ஆர்., இரண்டு கட்டுகள்

அன்புள்ள கதிர்,

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறிவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். பழைய திருவிழா அடிதடி கேஸை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறாயாம். போலீஸ் சரிபார்ப்பு வருமுன் உன் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்.

அன்றைக்கு உனக்கு 17 வயது, உன்னோடு கேஸில் சிக்கிய மணிக்கு 19 வயது. ஒரே எஃப்.ஐ.ஆர்.தான். ஆனால் சிறுவரையும் பெரியவரையும் சேர்த்து விசாரிக்கக் கூடாது என்பதால் உன் பங்கைப் பிரித்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினார்கள். நீ மட்டும் சண்டை போட்டிருந்தால் எஃப்.ஐ.ஆரே விழுந்திருக்காது. கொடிய குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோதான் சிறுவர்மேல் அதைப் போடலாம்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவைப் படித்துப் பார். குழுமம் உன்னைக் குற்றம் செய்தவன் என்றே முடிவு செய்திருந்தாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது. உரிய காலம் கழிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். விதிகள் அதிகபட்சம் 7 ஆண்டு என்கின்றன. 16 வயது தாண்டியவர் கொடிய குற்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றால் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. 74ஆவது பிரிவு இன்னும் கறார்: முடிந்துபோன சிறுவர் வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது. மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை ஒருவருக்குச் சிறுவயது வழக்கைக் காட்டி வேலை மறுத்தது. குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தாலும் அப்படி மறுக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதெல்லாம் ஏட்டில். ஸ்டேஷனில் மணியின் கேஸ் கட்டைப் பிரித்தால் உன் பெயரும் அதில் இருக்கும். சரிபார்ப்புப் படிவத்தில் ‘வழக்கு ஏதும் உண்டா’ என்று கேட்பார்கள். சிறுவர் வழக்கை எழுதவே தேவையில்லை என்று வாதாடும் வக்கீல்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நான் எழுதத்தான் சொல்வேன்: குற்ற எண், அன்றைய வயது, குழும ஆணையின் தேதி, 24ஆவது பிரிவு. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கட்டும். இளவயதில் கோஷம் போட்டதுபோன்ற சின்ன விஷயத்தை ஒருவர் மறைத்திருந்தால் வேலை தருபவர் மன்னித்துவிடலாம். ஆனால் மன்னிப்பதும் மறுப்பதும் அவர் கையில். அந்த வாய்ப்பை அவருக்கு நீ ஏன் கொடுக்க வேண்டும்?

மணி பாடுதான் கஷ்டம். விடுதலை ஆகிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தீர்ப்பில் ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று இருக்கிறது. அப்படி வெளியே வந்தவரையும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் வெளியே வந்தவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்கிறது தமிழ்நாட்டுக் காவலர் பணி விதி. 2008இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றது. அமெரிக்கப் படங்களில் வருவதுபோலப் பெரியவர்களின் பழைய வழக்குக்குச் சீல் வைக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஊரில் சமாதானம் பேசிய கையோடு உயர் நீதிமன்றத்தில் குவாஷ் மனு போட்டிருந்தால் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482ஆவது பிரிவு, இப்போதைய சட்டத்தில் 528) எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யக் கேட்டிருக்கலாம். சாட்சி மாறினால் போதும் என்று இருந்துவிட்டார்கள். காவல் துறையை விட்டு வேறு வேலைக்கு முயலச் சொல். அங்கே இந்த விதி கிடையாது. வழக்கின் தன்மையைப் பார்ப்பார்கள்.

கவர்னரிடம் மனுப் போடலாமா என்று அவன் கேட்டானாமே! கவர்னருக்கு மன்னிக்கும் அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவு தண்டனை பெற்றவர்களுக்கானது, விடுதலையானவனுக்கு அங்கே வேலையில்லை. இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து பெயரை நீக்கக் கேட்கலாம் என்பதையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை அப்படி ஆணையிட்டது; ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது.

நீ திங்கட்கிழமையே குழும அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுக் கொடு. கட்டை அழித்த பிறகு, கேஸ் எப்படி முடிந்தது என்று காட்ட உன் கையில் காகிதம் வேண்டும். ஆவணத்தை அழிக்கச் சொல்லும் வரி ஆணையில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அதற்குத் தனி மனு எழுதித் தருகிறேன். நகல் கிடைத்ததும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்பிவிட்டு, அப்புறம் படிவத்தை நிரப்பு.

அன்புடன்,
மாமா