ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் தட்டம்மை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

“ஊசி போட்டவர்களுக்கே தட்டம்மை வருகிறதென்றால் அந்த ஊசி எதற்கு அத்தை?” என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துக் கார்பஸ் கிறிஸ்டி நகரில் நடந்ததைச் சொல்கிறேன்.

1985இல் அந்த ஊர் மாணவர்களிடையே தட்டம்மை பரவியது. பள்ளியில் படிக்க ஊசி கட்டாயம் என்பதைக் கறாராகக் கடைப்பிடித்த ஊர் அது. இரண்டு பள்ளிகளில் 1,806 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டதற்குப் பதிவு இருந்தது. ஆனால் 74 பேரின் இரத்தத்தில் தட்டம்மைக்கான எதிர்ப்புப் பொருளே தென்படவில்லை. சோதனைக்குப் பின் அந்த 74 பேரில் 14 பேர் நோயில் விழுந்தார்கள். பதினான்கு பேருமே ஊசி போட்டவர்கள்! எதிர்ப்புப் பொருள் இருந்த 1,732 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. இந்தக் கடைசி விவரத்தைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் எனக்கு ஆதங்கம்.

தட்டம்மை ஊசி ஒரு தவணை போட்டால் 100 பேரில் சுமார் 93 பேருக்குத்தான் பலிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தையின் உடலில் மிச்சமிருக்கும்போது போட்டால், ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

இப்போது ஒரு தாளில் கணக்குப் போடு. 1,000 பேர் படிக்கும் பள்ளி. 990 பேர் ஒரு தவணை போட்டவர்கள். 10 பேர் போடாதவர்கள். ஊசி பலிக்காத எல்லோருக்கும், போடாத எல்லோருக்கும் நோய் வந்துவிட்டதாக வைத்துக்கொள். முதல் கூட்டத்தில் சுமார் 69 பேர், இரண்டாவதில் 10 பேர். “நோயாளிகளில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள்” என்று யாராவது எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் போட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேர், போடாதவர்களில் பத்துக்குப் பத்து. நோயாளிகளில் எத்தனை பேர் ஊசி போட்டவர்கள் என்று பார்க்காதே. ஊசி போட்டவர்களில் எத்தனை பேர் நோயாளியானார்கள் என்று பார்.

தட்டம்மை அசுர வேகத்தில் பரவும். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரே நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைக்க முடியும். நோயாளி எழுந்து போன அறையின் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும். அதனால்தான் ஊசி பலிக்காத அந்தச் சிலரையும் அது தேடிப் பிடித்துவிடுகிறது. இப்படிப் பள்ளிகளில் பரவியதைப் பார்த்து, 1989இல் அமெரிக்காவில் இரண்டு தவணை போடச் சொன்னார்கள். இரண்டும் போட்டால் 100இல் சுமார் 97 பேருக்குப் பாதுகாப்பு.

நம் நாட்டிலும் இரண்டு தவணைதான்: 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. உன் தடுப்பூசி அட்டையை அம்மாவிடம் வாங்கி இரண்டும் பதிவாகியிருக்கிறதா என்று பார். ஒன்று விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தம்பியின் அட்டையையும் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை