ஆட்டுக் கிடைக்குக் காவல்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கீதாரிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆட்டு மந்தைகளை ஊர் ஊராக ஓட்டிச் சென்று மேய்ப்பவர்களை அப்படி அழைப்பார்கள். மழை குறைந்த மாவட்டம் அது. கோடையில் புல் கருகிவிடும். அதனால் அறுவடை முடிந்த வயல்களைத் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம்வரைகூட மந்தைகள் நடந்தே போகும். பகலில் மேய்ச்சல்; இரவில் ஏதாவது ஒரு வயலில் கிடை. ஆடுகளின் புழுக்கையும் சிறுநீரும் அந்த நிலத்துக்கு நல்ல உரம். அதற்காக நிலத்துக்காரர் கூலி கொடுப்பார்.

கிடை போடும் இடம் ஊரை விட்டுத் தள்ளியிருக்கும். வீடு இல்லை, விளக்கு இல்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அந்த ஆடுகள்தான். இரவில் நாலு ஆடு திருட்டுப் போனால் அந்தக் குடும்பத்தின் பல மாத உழைப்பு போய்விடும். பூட்டும் கதவும் இல்லாத வெட்டவெளியில் ஆடுகளை எப்படிக் காப்பது?

எந்தக் காவலுக்கும் மூன்று வேலைகள் உண்டு. திருடனைத் தாமதப்படுத்துவது, அவன் வருவதை அறிவது, உதவியை வரவழைப்பது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தாமதப்படுத்துதல்

வேலி திருடனை முற்றிலும் தடுக்காது. வேலியைத் தாண்டவோ வெட்டவோ அவனுக்கு நேரம் பிடிக்கும், சத்தமும் எழும். அதுதான் வேலியால் கிடைக்கும் பயன்.

இந்த வறண்ட பகுதியில் குடைவேல மரங்கள் உண்டு. விரித்த குடை போன்ற தலை. நீண்ட வெண்ணிற முட்கள். இலையைத் தின்ன வரும் விலங்குகளிடமிருந்து தப்பிக்க மரம் வளர்த்துக்கொண்ட ஆயுதம் இந்த முள். அதையே வெட்டி மனிதன் தன் பட்டிக்கு வேலியாக்கினான். பனை மட்டையின் இரு ஓரத்திலும் இரம்பப் பல் போன்ற கருக்கு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் வேலிக்கு உதவும். அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி 1874-இல் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். செடியின் முள் செய்யும் வேலையைத்தான் அவருடைய கம்பியும் செய்தது.

சீமைக் கருவேலமும் நல்ல வேலிதான். ஆனால் அதில் ஓர் ஆபத்து. அதன் இனிப்பான காய்களை ஆடுகள் விரும்பித் தின்னும். கெட்டியான விதைகள் செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறி, போன இடமெல்லாம் முளைத்துவிடும். வேலிக்கு வந்த மரம் மேய்ச்சல் நிலத்தையே பிடித்துக்கொள்ளும்!

செய்து பாருங்கள்: 40 மீட்டர் நீள வலை உங்களிடம் இருக்கிறது. அதை 15 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள செவ்வகமாகக் கட்டினால் பரப்பு 75 சதுர மீட்டர். பக்கம் 10 மீட்டர் சதுரமானால் 100 சதுர மீட்டர். வட்டமாகக் கட்டினால்? ஆரம் சுமார் 6.37 மீட்டர், பரப்பு சுமார் 127 சதுர மீட்டர். அதே வலை, ஆனால் கூடுதல் இடம். வட்டத்தில் மூலை இல்லாததால், மிரண்ட ஆடுகள் மூலையில் நெருக்குண்டு நசுங்குவதும் இல்லை. 40 செ.மீ. நூலைக் கொண்டு வரைபடத் தாளில் நீங்களே அளந்து பாருங்கள்.

2. அறிதல்

இருட்டில் மனிதக் கண் அவ்வளவாகப் பயன்படாது. நாயின் மூக்கும் காதும் பயன்படும். நம் மூக்கில் மணம் உணரும் செல்கள் ஏறக்குறைய 50 இலட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். நம் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும்; நாய் 40,000-க்கும் மேலுள்ளதைக் கேட்கும். கோம்பை, ராஜபாளையம் ஆகியவை நம் நாட்டுக் காவல் நாய்கள். ராஜபாளையம் நாய் 2005-இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது.

மணம் காற்றோடுதான் வரும். காற்று வீசும் திசையிலிருந்து வருபவனை நாய் முகர்ந்துவிடும். எதிர்த் திசையிலிருந்து வந்தால் அவன் மணம் நாயை எட்டாது. காதுதான் கைகொடுக்க வேண்டும். கடலோரத்தில் பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் வீசுவதைப் படித்திருப்பீர்கள். மாலையில் பொருத்தமாகத் தோன்றிய இடம் நள்ளிரவில் பொருந்தாமல் போகலாம். எனவே கிடையின் இரு பக்கமும் நாய் இருப்பது நல்லது.

ஆடுகளும் காவலாளிகளே! ஆட்டின் கண்மணி கிடைக்கோடாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தரையையொட்டி எல்லாப் பக்கமும் பார்க்க இந்த வடிவம் உதவுகிறது என்று 2015-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் விளக்கினார்கள். மேய்வதற்காகத் தலை குனிந்தாலும் கண் சுழன்று, கண்மணி தரைக்கு இணையாகவே நிற்கும். மந்தை திடீரென்று எழுந்து ஒரே பக்கம் பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

3. உதவியும் அடையாளமும்

திருட்டுப் போன ஆடு நம்முடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? காதில் வெட்டு அடையாளம் இடுவது பழைய வழக்கம். மாடுகளுக்கு இப்போது 12 இலக்க எண் கொண்ட காது வில்லை போடுகிறார்கள். வில்லையைக் கழற்றிவிட்டால்? மாட்டின் மூக்கு நுனியிலுள்ள வரிகள் நம் கைரேகையைப் போல ஒவ்வொன்றுக்கும் தனி. இதை அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவில் 1922-லேயே எழுதியிருக்கிறார்கள். செம்மறி ஆடு தன் இனத்தில் 50 முகங்களை இரண்டு ஆண்டுகள் வரை நினைவில் வைத்திருக்கும் என்று 2001-இல் இங்கிலாந்தில் கண்டறிந்தார்கள்.

திருடனைக் கண்டால் தனியாகத் துரத்தலாமா? கூடாது. 2021 நவம்பரில், திருச்சி நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் ஆடு திருடியவர்களை இரவில் துரத்திச் சென்று, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே கொல்லப்பட்டார். பயிற்சி பெற்ற காவலருக்கே இந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! சத்தம் போட்டு ஆட்களை எழுப்ப வேண்டும். 100 அல்லது 112 எண்ணுக்குத் தொலைபேச வேண்டும். வண்டி எண், போன திசை, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆடு போனால் இன்னொன்று வளர்க்கலாம். உயிர் போனால் வராது.

உங்கள் ஊரில் கிடை போடுகிறவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: கிடையை எந்த வடிவத்தில் கட்டுகிறார்கள்? நாயை எங்கே கட்டுகிறார்கள்? தம் ஆட்டை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் உள்ள அறிவியல் காரணத்தை யோசித்து எழுதுங்கள்.