எட்டு மணி வேலையும் வார விடுமுறையும் எங்கிருந்து வந்தன?

கேள்வி: எங்கள் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போனால், போன நாளுக்குத்தான் கூலி. காய்ச்சலில் படுத்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் கிடையாது. கொடைக்கானல் டவுனில் கடையில் நிற்கிறவர்களுக்கு எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, சம்பளத்தோடு லீவு எல்லாம் சட்டத்தில் இருக்கிறதாம். இவையெல்லாம் எப்போது, எப்படி வந்தன? எங்களுக்கு ஏன் வரவில்லை?
- ஒரு வாசகி, பண்ணைக்காடு

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வரலாறுதான் பதில். நம் நாட்டில் இந்த உரிமைகள் பிறந்த இடம் ஆலை. ஆயிரம் பேர் ஒரே கேட்டுக்குள் நுழைந்து, ஒரே சங்குக்கு வேலையைத் தொடங்குகிற இடத்தில், அத்தனை பேரும் ஒன்றாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் முடியும். அப்படி நின்றவர்களுக்கே முதலில் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் உழைக்கிறவரைப் பார்த்து உரிமையைக் கொடுக்கவில்லை. ஓர் இடத்தில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துக் கொடுத்தது. பிறகு அந்தக் கணக்கோடு நிலத்தின் அளவும் சேர்ந்துகொண்டது. மலைச்சரிவில் பத்துப் பேர் இங்கும் எட்டுப் பேர் அங்குமாகச் சிதறி வேலை பார்ப்பவர்கள் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கவே இல்லை. உங்களுக்கு வராமல் போனதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

எட்டு மணி நேரம் என்ற எண்ணத்தை 1817 வாக்கில் முன்வைத்தவர் பிரிட்டனின் ராபர்ட் ஓவன். அவரே ஒரு நூற்பாலையை நடத்தியவர். அதை நடைமுறையில் வென்று காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரக் கல்தச்சர்கள். 1856 ஏப்ரலில் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலம் போனார்கள். கூலி குறையாமல் எட்டு மணி நேர வேலையைப் பெற்றார்கள். 1886 மே மாதம் சிகாகோவில் இதே கோரிக்கைக்காக உயிர்கள் போயின. மே தினம் அதிலிருந்து வந்தது. 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. ஆனால் அதே உடன்படிக்கையில் இந்தியாவுக்கு வாரத்துக்கு 60 மணி என்று தனி விதி எழுதப்பட்டது.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இயந்திர ஆலைகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. அதுவும் குழந்தைத் தொழிலாளர்களின் நேரத்தைத்தான் கட்டுப்படுத்தியது. எது தொழிற்சாலை என்று விளக்கும் இடத்திலேயே தேயிலை, காப்பித் தோட்டங்களில் உள்ள கட்டடங்களை அது பெயர் சொல்லி விலக்கியது. ஆகவே காப்பியை யாரும் மறந்து விடவில்லை, தெரிந்தேதான் வெளியே நிறுத்தினார்கள். பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் மனுக்களும் கூட்டங்களுமாகப் போராடி, 1890 ஜூனில் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டே அது சட்டத்திலும் ஏறியது. சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோர் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது, பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களின் பெரிய குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. வார வேலை நேரம் 1922-இல் 60 மணி, 1934-இல் 54, 1946-இல் 48 என்று படிப்படியாக இறங்கியது. சம்பளத்துடன் விடுப்பு 1945-இல் செய்த திருத்தத்தின் வழியே வந்தது. நீங்கள் சொன்ன கடைத் தொழிலாளர்களுக்கான மாகாணச் சட்டம் 1947-இல் பிறந்தது.

இதே காலத்தில் மலைத் தோட்டங்களில் இருந்தது வேறொரு சட்டம். 1859-இல் வந்த ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். கங்காணி கொடுத்த முன்பணம் கையில் வந்ததுமே, ஓய்வு கேட்கும் வாய் அடைபட்டுவிடும். அந்தச் சட்டம் 1926 வரை உயிரோடு இருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் 1951-இல் எழுதப்பட்டு, 1954 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆலைக்கு வார விடுமுறை கொடுத்த சட்டத்துக்கும் இது நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல்! அப்போதும் வேலை நேரம் வாரத்துக்கு 54 மணி. ஆலைக்காரருக்குக் கிடைத்த 48 மணி தோட்டத்துக்கு வர 1981 ஆனது.

அந்த 1951 சட்டமும் எல்லாத் தோட்டங்களுக்கும் வரவில்லை. 25 ஏக்கரும் 30 தொழிலாளர்களும் இருந்தால்தான் அது பொருந்தும். 1981-இல் இதை 5 ஹெக்டேர், 15 பேர் என்று குறைத்தார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் ஆள் எண்ணிக்கையை 10 ஆக்கினாலும், 5 ஹெக்டேர் என்ற வரம்பை அப்படியே வைத்திருக்கிறது. 5 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ பன்னிரண்டு ஏக்கர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர் பக்கம் காப்பியும் மிளகும் மலைவாழையும் கலந்து நிற்கும் தோட்டங்களில் சிறியவை ஏராளம். அங்கே நடக்கும் வேலையைக் கவனியுங்கள். அரபிகா காப்பிச் செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. செக்கச் சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி, பச்சையை விட்டுவிட்டு, அதே செடிக்குச் சில வாரம் கழித்துத் திரும்ப வர வேண்டும். சரிவில் கால் ஊன்றி நின்று இடுப்புச் சாக்கை நிரப்பி, சாயங்காலம் எடை போட வரிசையில் நிற்க வேண்டும். இந்தப் பறிப்பு சில மாதங்களில் முடிந்துவிடும். புதிய சட்டத்திலோ சம்பளத்துடன் விடுப்புக்கு ஓராண்டில் 180 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். நாலு தோட்டத்தில் மாறி மாறி வேலை செய்து ஆண்டு முழுக்க உழைத்தாலும், எந்த ஒரு தோட்டத்திலும் 180 நாள் சேராமல் போகலாம்.

ஒன்றாக நிற்க முடிவதால் என்ன நடக்கும் என்பதற்குக் கொடைக்கானலிலேயே சான்று இருக்கிறது. அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவு விவகாரத்தால் 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு பதினைந்து ஆண்டுகள் விடாமல் நின்றார்கள். 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து ஆண்டு என்பது கொடுமையான காத்திருப்பு. ஆனாலும் கேட்பதற்கு ஒரு நிறுவனம் இருந்தது, கேட்பவர்கள் இத்தனை பேர் என்று சொல்ல முடிந்தது. பழம் பறிப்பவர்களுக்கு அந்த இரண்டுமே இல்லை.

சிறு தோட்டக்காரரே கடனில் இருக்கிறார், காப்பி விலை ஏறி இறங்குகிறது, அவர் எப்படி லீவுக்குச் சம்பளம் கொடுப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தொகையைப் பாருங்கள்: 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் கூலிச் செலவில் கூடுவது நூற்றுக்கு ஐந்து. விலை சரியும்போது சிறு விவசாயியைக் காக்க வேண்டியது அரசும் காப்பி வாரியமும். அந்தச் சுமையை மலையிலேயே மிகக் குறைந்த வருமானம் உள்ளவரின் காய்ச்சல் நாளில் இறக்கி வைப்பது அநியாயம்.

பல முதலாளிகளிடம் வேலை செய்பவருக்கு யார் லீவு கொடுப்பது என்பது அடுத்த தடை. இதற்கு விடை அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் 1969-இல் வந்த மத்தாடித் தொழிலாளர் சட்டப்படி, தினம் ஒரு வியாபாரியிடம் மூட்டை தூக்கும் சுமைத் தொழிலாளிக்கும் பொது வாரியம் ஒன்று இருக்கிறது. வேலை கொடுப்பவர் ஒவ்வொருவரும் கூலியோடு ஒரு பங்கை வாரியத்தில் கட்டுகிறார். வருங்கால வைப்பு நிதியும் விடுப்புச் சம்பளமும் அதிலிருந்து வருகின்றன. தமிழ்நாட்டிலும் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் நல வாரியங்களும் உள்ளன. மலைத் தோட்டத்துக்கு இதே வழியில் விடுப்பு நிதியை உருவாக்கப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை.

கிலோக் கணக்கில் கூலி வாங்குபவர்கள் தாங்களே கூடுதல் நேரம் விரும்புகிறார்கள் என்றும் சொல்வார்கள். அடிப்படைக் கூலி போதாதபோது கூடுதல் நேரத்தை விருப்பம் என்று சொல்வது சரியல்ல. ஆலைகளுக்கு வார விடுமுறை வந்தபோதும் தொழில் நாசமாகும் என்றார்கள். அதன் பிறகும் பம்பாய் மில்கள் பெருகின. பெற்றுவிட்ட உரிமையும் பத்திரமானதல்ல. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்த பிறகே மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

ஏக்கரைப் பார்த்து உரிமை கொடுக்கும் முறை ஒழிய வேண்டும் என்பதே என் முடிவு. அதுவரை உங்கள் கையில் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். குறைந்தபட்சக் கூலிக்குத் தோட்டத்தின் அளவு ஒரு பொருட்டல்ல. ஒரு ஏக்கர் வைத்திருப்பவரும் அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது. ஆண், பெண் கூலியில் வேறுபாடு காட்டுவதும் சட்ட விரோதம். வேலைக்குப் போன நாள், தோட்டம், எடை, வாங்கிய கூலி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உடன் வேலை பார்ப்பவர்களையும் எழுதச் சொல்லுங்கள். கூலி குறைந்திருந்தால் தொழிலாளர் துறையிடம் நாலு பேராகச் சேர்ந்து மனுக் கொடுங்கள். ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, குறைந்த கூலியை மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டுப் பெறலாம்.