நடுக்குவாதமும் நோய் எதிர்ப்புச் சக்தியும்



வாப்பாவுக்குக் கை நடுங்கினால், நடை தளர்ந்தால் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம். அது பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதமாகவும் இருக்கலாம். குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீக்கு 1984இல் இந்நோய் கண்டறியப்பட்டது. 2016இல் வஃபாத்தாகும்வரை அதனுடன் வாழ்ந்தார்.

மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் மெல்ல அழிவதே இந்நோய். அச்செல்களில் ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் திரண்டு படிகிறது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா அதை அகற்றக் கிளம்புகின்றன. அந்த வேகம் தணியாமல் நீடித்தால் அழற்சியாகி, நல்ல செல்களையும் கெடுக்கிறது. இறந்த நோயாளிகளின் மூளையில் இதற்கான அடையாளங்களைக் கனடா ஆய்வாளர்கள் 1988இல் கண்டனர். நோயாளிகள் சிலரின் ரத்தத்திலுள்ள டி செல்கள் அப்புரதத்தை அந்நியமாக எண்ணி எதிர்ப்பது 2017இல் தெரியவந்தது. இது நோய்க்குக் காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஆகவே, "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" பொடியும் லேகியமும் இதற்கு மருந்தல்ல. மருத்துவர் தந்த லெவோடோபா மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோன்பு வைக்குமுன் அவரிடம் கேளுங்கள்; நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனையில் இந்நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு.

அல்லாஹ் ஷிஃபா தருவானாக. ஆமீன்.