காலில் குறைபாடு இருந்தால் நர்சிங் சேரலாமா? கொங்குப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

"நாள் முழுக்க நிக்கோணுமே, உன்னால முடியுமா அம்மணி?" கால் சற்று மெலிந்தோ குட்டையாகவோ உள்ள பெண் பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசைப்பட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். கல்லூரியிலும் இதையேதான் கேட்பார்கள். "முடியுமுங்க" என்று வாயால் சொன்னால் போதாது. எந்த வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று தாளில் காட்ட வேண்டும்.

1. சான்றிதழை முதலில் வாங்குங்கள்

'சுவாவலம்பன்' இணையதளத்தில் யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் ஊனச் சான்றுக்கும் விண்ணப்பித்து, அரசு மருத்துவர்களின் பரிசோதனையை முடியுங்கள். பிளஸ் டூ முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் கலந்தாய்வு நேரத்தில் அலைச்சல்தான். சான்றும் அட்டையும் வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: எந்த உறுப்பில் குறைபாடு, எத்தனை சதவீதம், நிரந்தரமா தற்காலிகமா.

2. உங்கள் சதவீதத்துக்கு எந்த வழி?

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது காலில் 40 முதல் 50 சதவீதம் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு கிடைக்கும். மதிப்பெண் தகுதி பொதுப்பிரிவுக்கு உள்ளதேதான். 40க்குக் கீழ் இருந்தால் பொதுப்பட்டியலில் போட்டியிடலாம். 50ஐத் தாண்டினாலோ, குறைபாடு கையிலோ காதிலோ இருந்தாலோ இந்த ஒதுக்கீடு பொருந்தாது. அவர்கள் 6ஆம் படியைக் கவனமாகப் படிக்கவும்.

இன்னொரு சிக்கல், உடல்தகுதிச் சான்று. யாராக இருந்தாலும் அது வேண்டும். ஊனச் சான்றும் உடல்தகுதிச் சான்றும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றாதபடி, "உயரம் கூட்டிய காலணியுடன் நர்சிங் பயிற்சிக்குத் தகுதியானவர்" என்பதுபோல் தெளிவாக எழுதித் தரும்படி எலும்பு மருத்துவரைக் கேளுங்கள்.

3. விண்ணப்பித்துவிட்டு, கல்லூரியைப் போய்ப் பாருங்கள்

அரசுக் கல்லூரி இடங்களும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு வழியாக நிரப்பப்படுகின்றன. விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி சிறப்புப் பிரிவைக் குறிக்க மறக்காதீர்கள். கொங்குப் பகுதியில் சேலத்தில் அரசு நர்சிங் கல்லூரி இருக்கிறது, கோவையில் பி.எஸ்.ஜி., ராமகிருஷ்ணா, கே.எம்.சி.எச்., கங்கா எனத் தனியார் கல்லூரிகள் பல.

விருப்ப வரிசையை முடிவு செய்யும் முன் நேரில் போங்கள். லிஃப்ட் ஓடுகிறதா, விடுதி அறை எந்த மாடியில், வகுப்புக்கும் வார்டுக்கும் எவ்வளவு நடை என்று பாருங்கள். கிராமப் பயிற்சி எங்கே என்றும் கேளுங்கள். நம் ஊர்ப்பக்கம் வீடுகள் தோட்டத்துக்கு ஒன்றாகத் தள்ளித்தள்ளி இருக்கும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வரப்பிலும் மண்தடத்திலும் நடந்தால்தான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பயிற்சியை முடிக்க முடியும்.

4. வேலைப் பட்டியல் எழுதுங்கள்

பிசியோதெரபிஸ்டுடன் உட்கார்ந்து, வேலை ஒருபக்கம், செய்யும் முறை மறுபக்கம் என எழுதுங்கள்.

- நிற்பது: எவ்வளவு நேரத்துக்குப் பிறகு வலிக்கிறது என்று வீட்டிலேயே கவனித்துக் குறியுங்கள். மருந்து எடுத்துவைப்பது, கேஸ் ஷீட் எழுதுவது போன்றவற்றை ஸ்டூலில் அமர்ந்தே செய்யலாம்.
- நோயாளியைத் தூக்குவது: இதை யாருமே தனியாகச் செய்யக்கூடாது. நோயாளியை நகர்த்த அடியில் விரிக்கும் டிரா ஷீட்டும் துணைக்கு இன்னொருவரும் வேண்டும்.
- சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் மார்பை அழுத்துவது): கட்டிலில் என்றால் படி ஸ்டூல்மேல் நின்று அழுத்தலாம். தரையில் மண்டியிட வேண்டும். முட்டி மடங்காவிட்டால் எந்த நிலையில் முழு அழுத்தம் தர முடிகிறது என்று பொம்மையில் பழகிப் பாருங்கள்.
- காலணி: சீருடை நிறத்திலேயே, கழுவித் துடைக்கக்கூடிய பொருளில் செய்து வாங்குங்கள். புதுக் காலணியை முதல் வார்டு நாளில் போடாதீர்கள்.
- நீண்ட பணி: எட்டாம் பருவத்தில் 22 வாரம் முழுநேரப் பயிற்சி வரும். அதற்குள் கால் பழக வேண்டும்.

எந்த வரிக்கு எதிரே வழி எழுத முடியவில்லையோ, அதை மறைக்காதீர்கள். நோயாளியின் பாதுகாப்பு அதில் இருக்கிறது.

5. வேண்டியதை எழுத்தில் கேளுங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16இன்படி அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களும் நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும். தரைத்தள அறை, வார்டில் ஸ்டூல், தொலைதூர கிராமப் பயிற்சிக்கு வண்டி என்று குறிப்பாகக் கேளுங்கள். தேர்ச்சியில் சலுகை கேட்காதீர்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்குங்கள்.

6. மறுத்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2024 அக்டோபர் 15 அன்று, எம்.பி.பி.எஸ். சேர்க்கை வழக்கொன்றில், சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளக்கூடாது, படிப்புக்கு ஊனம் தடையா என்பதை மருத்துவக் குழு காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நர்சிங் விதியைத் தானாக மாற்றிவிடாது. ஆனால் உங்கள் மனுவுக்கு வலுவான வாதம்.

மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். வழக்குக்குப் போவதானால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சேர்க்கைக்குக் கடைசித் தேதி உண்டு என்பதால் மறுப்பு வந்த வாரத்திலேயே கிளம்புங்கள். மனுவோடு அந்த வேலைப் பட்டியலையும் இணையுங்கள். அதில் எந்த வேலை உங்களால் ஆகாது என்பதை மறுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.