இரட்டைக் கயிறு

நுழையும்முன்

வானளாவிய கட்டடத்தை எழுப்புவது பொறியியலின் ஒரு பாதி. அதைப் பழுதின்றிப் பேணுவது மறு பாதி. எழுப்பியவர்களின் பெயர் கல்வெட்டில் இடம்பெறும்; பேணுபவர்களை எவரும் அறிவதில்லை. பல நூறு அடி உயரத்தில் கயிற்றில் இறங்கிச் சுவரையும் கண்ணாடியையும் காக்கும் தொழில்நுட்பம் எவ்வாறு வளர்ந்தது? அதன் அடிப்படை விதி யாது? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

உயரமும் பராமரிப்பும்

ஒரு கட்டடம் கட்டி முடிக்கப்பட்ட நாளிலிருந்தே வெயிலும் மழையும் காற்றும் அதன்மேல் தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. வெப்பத்தால் விரிந்தும் குளிரால் சுருங்கியும் சுவர்ப்பூச்சு வெடிக்கிறது. வெடிப்பின் வழியே கசியும் நீர் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து, தன்னைச் சூழ்ந்துள்ள கான்கிரீட்டையே பிளக்கிறது. கண்ணாடிப் பலகைகளின் இடைவெளியை அடைத்திருக்கும் பசையும் ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி விரிசல் விடுகிறது. இக்குறைகள் தரையில் நிற்போர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அருகில் சென்று தொட்டும் தட்டியும் பார்ப்பவருக்கே அவை தெரியும்.

அருகில் செல்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. அடியிலிருந்து உச்சிவரை சாரம் கட்டுவது முதல் வழி. அது உறுதியானது, ஆயினும் கட்டவும் பிரிக்கவும் பல வாரங்கள் ஆகும், செலவும் மிகுதி. மேல்தளத்திலிருந்து கம்பிவடங்களால் தொங்கவிடப்படும் மேடை இரண்டாம் வழி. நேரான சுவர்களுக்கு அது பொருந்தும். வளைந்தும் உள்வாங்கியும் நிற்கும் பகுதிகளை எட்டாது. பயிற்சி பெற்ற பணியாளரே கயிற்றில் இறங்கிச் செல்வது மூன்றாம் வழி. சில மணி நேரத்தில் ஆயத்தம் செய்து, பணி முடிந்ததும் சுவடின்றிக் கழற்றிவிடலாம் என்பதே இதன் சிறப்பு.

மலையிலிருந்து மாடிக்கு

செங்குத்தான இடத்தை எட்டும் தேவை மனிதனுக்குப் புதிதன்று. கணுக்களையே படிகளாகக் கொண்ட மூங்கில் ஏணியை மலையில் சார்த்தி மக்கள் பாறைத்தேன் எடுத்ததைப் பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் காட்டுகிறது. அவ்வேணிக்கு 'மால்பு' என்பது பெயர். நீலகிரி மலைவாழ் மக்கள் பாறை முகட்டிலிருந்து கொடியேணியிலும் கயிற்றிலும் இறங்கித் தேனெடுத்த வழக்கமும் அதே தேவையில் பிறந்ததே.

இன்றைய கயிற்றுவழிப் பணி, ஐரோப்பிய மலையேற்றத்திலும் குகை ஆய்விலும் வேர்கொண்டது. ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் புருசிக் 1931இல் ஒரு முடிச்சை அறிமுகப்படுத்தினார். தடித்த கயிற்றின்மீது மெல்லிய கயிற்றைச் சில சுற்றுகள் சுற்றிப் போடப்படும் அம்முடிச்சு, எடை ஏறும்போது இறுகும். எடை நீங்கினால் நகரும். ஒரே கயிற்றில் மேலேறவும் நின்ற இடத்தில் நிற்கவும் அது வழி செய்தது. ஆழ்ந்த குகைகளை ஆராய்ந்தோர் அம்முடிச்சு செய்யும் வேலையை உலோகக் கருவிகளுக்கு மாற்றினர். வடகடலின் எண்ணெய்த் துரப்பண மேடைகளைப் பேண இம்முறை பெரிதும் பயன்பட்டது. 1980களின் இறுதியில் பிரிட்டன் நிறுவனங்கள் ஒன்றுகூடி இத்தொழிலுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கிப் பயிற்சி விதிகளை வகுத்தன. 'இராட்டா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அச்சங்கத்தின் விதிகள் இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றன.

கயிற்றின் உள்ளே

நாம் அறிந்த கயிறு, புரிகளை முறுக்கித் திரிப்பது. முறுக்கிய கயிற்றில் ஒருவர் தொங்கினால் அது தன் முறுக்கை அவிழ்த்துக்கொண்டு அவரையும் சுழற்றும். இக்குறையை நீக்கியது, 1953இல் ஜெர்மனியில் உருவான உள்ளகக் கயிறு. அதன் நடுவே இணையாகச் செல்லும் நைலான் இழைகளின் உள்ளகம். அதைச் சூழ்ந்து நெருக்கமாகப் பின்னப்பட்ட உறை. எடையின் பெரும்பகுதியை உள்ளகம் தாங்குகிறது. உராய்விலிருந்தும் அழுக்கிலிருந்தும் உறை அதைக் காக்கிறது.

மலையேறுவோர் கயிறும் கட்டடப் பணியாளர் கயிறும் ஒன்றல்ல. மலையேறுபவர் தவறி விழுந்தால் அந்த அதிர்ச்சியை உள்வாங்க, அவர் கயிறு நன்கு நீள வேண்டும். நாள் முழுவதும் ஓரிடத்தில் தொங்கி வேலை செய்பவருக்கோ நீளும் கயிறு ஊஞ்சலாகிவிடும். எனவே குறைவாக நீளும் கயிறே அவருக்கு உகந்தது. ஐரோப்பியத் தரநிலையின்படி அவ்வகையின் முதல்தரக் கயிறு, குறைந்தது 22 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். இஃது ஏறத்தாழ 2,200 கிலோகிராம் எடைக்குச் சமம்.

இத்தகைய கயிற்றுக்கும் ஒரு பகை உண்டு. அது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பு. எடை சுமந்து விறைத்து நிற்கும் கயிறு, கூரிய விளிம்பில் உரசினால் விரைவில் அறுந்துபோகும். ஆகையால் கயிறு தொடும் ஒவ்வொரு விளிம்பிலும் உறையோ உருளையோ இடுவது பணியின் முதற்படியாகும்.

இரண்டின் இலக்கணம்

கயிற்றுவழிப் பணியின் உயிர்நாடியான விதி ஒன்றே: ஒருவர் உயிர் ஒரே பொருளை நம்பி இருத்தல் கூடாது. பணியாளர் ஒவ்வொருவருக்கும் இரு கயிறுகள் உண்டு. அவர் எடையைத் தாங்கி ஏற்றி இறக்குவது பணிக்கயிறு. எடை சுமக்காமல் அருகே தொங்குவது காப்புக்கயிறு. இரண்டும் மேல்தளத்தில் வெவ்வேறு பிடிமானங்களில் கட்டப்படுகின்றன. ஒரே தூணில் இரண்டையும் கட்டினால், தூண் பெயரும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

பணிக்கயிற்றில் இறங்குகருவி பொருத்தப்பட்டிருக்கும். கைப்பிடியை விட்டால் அது தானே பற்றிக்கொள்ளும். மயங்கியவர் கையும் அதைத் திறந்து வைத்திருக்க இயலாது. காப்புக்கயிற்றில் ஒரு தடுப்புக்கருவி உடன் நகர்ந்து வரும். பணிக்கயிறு அறுந்தால் அக்கணமே அது கவ்விக்கொள்ளும். அக்கருவியைப் பணியாளர் எப்போதும் தம் தோளுக்கு மேலே வைத்துக்கொள்ள வேண்டும். விழுந்த தொலைவை, வீழ்ச்சியைத் தாங்கும் கயிற்றின் நீளத்தால் வகுக்க வருவது 'வீழ்ச்சிக் காரணி'. 1 மீட்டர் கயிற்றில் 2 மீட்டர் விழுந்தால் காரணி 2. இது மிகக் கொடிய அதிர்ச்சி. தடுப்புக்கருவி மேலே இருப்பின் வீழ்ச்சித் தொலைவு குறைந்து காரணியும் சிறிதாகும்.

பிரிட்டனின் 'உயரப்பணி விதிகள், 2005' இவ்விரு கயிற்று முறையைச் சட்டமாகவே ஆக்கியுள்ளன. உயரத்தில் ஏறாமல் ஒரு வேலையைச் செய்ய இயலுமாயின் ஏறவே கூடாது என்பதும் அவ்விதிகளின் தொடக்கக் கட்டளையாகும்.

தெரிந்து தெளிவோம்
துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரமுடையது. அதன் கண்ணாடிப் பரப்பின் பெரும்பகுதியைத் தூய்மை செய்ய, கட்டடத்திலேயே பொருத்தப்பட்ட இயந்திர மேடைகள் உள்ளன. அவை எட்டாத உச்சிப் பகுதியைக் கயிற்றில் தொங்கும் பணியாளர்களே தூய்மை செய்கின்றனர்.

ஒரு நினைவுத்தூணின் நோயறிதல்

2011 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 5.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகரில் நிற்கும் வாஷிங்டன் நினைவுத்தூணை அது உலுக்கியது. 1884இல் கட்டி முடிக்கப்பட்ட அத்தூண், 169 மீட்டர் உயரமுள்ள கல் கட்டுமானம். உச்சியின் கூம்புப் பகுதியில் சூரிய ஒளி ஊடுருவும் அளவுக்குக் கற்கள் பிளந்திருந்தன. மக்கள் நுழைவு உடனே நிறுத்தப்பட்டது. எந்தக் கல் எவ்வளவு சேதமுற்றது என்று அறியாமல் சீரமைப்பைத் திட்டமிட இயலாது. அதை அறிவதற்காகவே அடிமுதல் சாரம் கட்டினால் மாதங்கள் கழியும்.

செப்டம்பர் இறுதியில், கயிற்றுவழிப் பயிற்சி பெற்ற பொறியாளர் குழுவொன்று கூம்பின் சாளரங்கள் வழியே வெளியேறி நான்கு முகங்களிலும் இறங்கியது. கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விரிசல்களைக் கைக்கணினியில் குறித்துக்கொண்டனர். விழும் நிலையிலிருந்த கற்சில்லுகளை அகற்றினர். திடீரெனச் சுழன்றடித்த காற்று ஒருவரைத் தூணின் முகத்திலிருந்து பெயர்த்து ஊசலாடச் செய்தது. கயிறுகள் தாங்க, அவர் தீங்கின்றித் தம் இடத்துக்கு மீண்டார். அக்டோபர் தொடக்கத்திலேயே ஆய்வு நிறைவுற்றது.

பின்னர் நடந்த சீரமைப்புக்குச் சாரமே கட்டப்பட்டது. கனத்த கற்களைக் கையாளும் வேலைக்கு அதுவே தக்கது. விரைவாக ஆராய்ந்தறியக் கயிறு, நெடிது நின்று பழுது நீக்கச் சாரம் என ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் பயன்பட்டது. 2014 மே 12 அன்று நினைவுத்தூண் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

தொங்கும் உடலும் காத்திருக்கும் கையும்

கயிறு அறாமல் இருந்தாலே பணியாளர் காப்பாற்றப்பட்டார் என்று பொருளன்று. உடற்கச்சையில் அசைவின்றித் தொங்குபவரின் கால்களில் குருதி தேங்குகிறது. நடக்கும்போது சுருங்கி விரிந்து குருதியை மேலே தள்ளும் கால்தசைகள் அப்போது செயல்படுவதில்லை. இதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் குருதி குறைய, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே எவரும் தனியே இறங்குவதில்லை. மயங்கியவரை உடனே தரைசேர்க்கும் மீட்புத் திட்டம் ஆயத்தமான பின்னரே பணி தொடங்குகிறது.

கீழே நடப்போர் உயிரும் இதில் அடங்கும். 50 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் சுத்தியல், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தாக்கும். ஆதலால் ஒவ்வொரு கருவியும் பணியாளரின் கச்சையோடு கட்டப்பட்டிருக்கும். கீழுள்ள பகுதி தடுப்பிட்டு அடைக்கப்பட்டிருக்கும்.

இராட்டா முறையில் பணியாளர்கள் மூன்று நிலைகளாகப் பகுக்கப்படுகின்றனர். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு உயர, குறைந்தது ஓராண்டும் 1,000 மணி நேரக் கயிற்றுப் பணியும் தேவை. மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் தேர்வு உண்டு. பணியிடத்தின் பொறுப்பு மூன்றாம் நிலையினருக்கே உரியது. காற்று மிகும்போது பணியை நிறுத்தும் அதிகாரமும் அவருடையதே.

நம் நகரங்களில்

நம் நகரங்களிலும் மாடிகள் உயர்ந்துகொண்டே செல்கின்றன. அவற்றுள் சிலவற்றில், ஊஞ்சல் போன்ற பலகையில் அமர்ந்து ஒற்றைக் கயிற்றில் தொங்கியபடி சுவருக்கு வண்ணம் பூசுவோரை இன்றும் காணலாம். அவர்தம் துணிவு வியக்கத்தக்கது. ஆயினும் அவ்வியப்பு நம் கடமையைத் தீர்த்துவிடாது. கயிறு எத்துணை வலியதாயினும், முடிச்சு எத்துணைத் திறமையுடன் இடப்பட்டிருந்தாலும், ஒற்றைக் கயிற்றில் தொங்குபவருக்கு ஒரு பிழையே இறுதிப் பிழை. இரண்டாவது கயிறு இருந்தால், அதே பிழை அன்றைய பணிக்குறிப்பேட்டில் ஒரு வரியாக முடிந்துவிடும். அக்கயிற்றை வாங்கும் செலவும் அதைப் பயன்படுத்தக் கற்பிக்கும் பொறுப்பும் தொங்குபவருடையவை அல்ல. அவரைப் பணிக்கு அமர்த்துவோருடையவை. கட்டடத்தின் பொலிவுக்குக் கணக்கிடும் தொகையில், அதைப் பேணுவோரின் உயிர்க்காப்புக்குரிய தொகையும் சேர்ந்திருப்பதே முறை.

கற்பவை கற்றபின்...
1. உங்கள் ஊரில் உயரமான கட்டடங்களில் பணிபுரிவோரிடம் உரையாடி, அவர்கள் பயன்படுத்தும் கருவிகளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுக்க.
2. 'உயரப் பணியும் உயிர்க்காப்பும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

பலவுள் தெரிக
'மால்பு' என்பது எதனைக் குறிக்கிறது?
அ) தேன்கூடு ஆ) மூங்கில் ஏணி இ) பாறை முகடு ஈ) கொடி

குறுவினா
1. பணிக்கயிறு, காப்புக்கயிறு – வேறுபடுத்துக.
2. உள்ளகக் கயிற்றின் இரு பகுதிகளின் பயன் யாது?

சிறுவினா
உடற்கச்சையில் அசைவின்றித் தொங்குவது ஆபத்தாவது ஏன்? விளக்குக.

நெடுவினா
'ஒருவர் உயிர் ஒரே பொருளை நம்பி இருத்தல் கூடாது' – கயிற்றுவழிப் பணியின் இவ்விதியைப் பாடப்பகுதி வழி நிறுவுக.